ஒரே வேர், பல கிளைகள்

மாணவ நண்பர்களே, விண்டோஸ் கணினியில் வட்டுக்கு வட்டு தனி எழுத்து உண்டு. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளிலோ கோப்புகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அவ்வேருக்குக் குறி ஒரு சாய்கோடு. புதிய வட்டை இணைப்பினும் அது அம்மரத்தின் கிளையாகவே அமையும்.

வேரை அடுத்து 'எட்சி' என்றொரு கோப்புறை உண்டு. 'முதலியன' எனப் பொருள்படும் சொல்லின் சுருக்கம் அது. வேண்டாதவற்றின் மூட்டை போலும் என்றெண்ணி, நிர்வாகி உரிமையோடு புகுந்து, ஒருநாள் அதை அழித்துவிட்டேன். மறுமுறை கணினி எழவில்லை. பயனர் பட்டியலும், வட்டுகளை இணைக்கும் குறிப்பும், வேறு பல அமைப்புக் குறிப்புகளும் அதனுள்தான் இருந்தன! ஆசிரியனாக இருந்தவன் செய்யத்தக்க செயலா அது?

'வார்' என்பதில் செயற்பதிவுகள் போல நாளும் மாறுவன இருக்கும். 'டெம்ப்' தற்காலிகக் கோப்புகளுக்குரியது.

'யூஎஸ்ஆர்' என்பதன் வரலாறு சுவையானது. 1970களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்த காலத்தில், பயனர்களின் கோப்புகள் அங்கே இருந்தன. வேர் வட்டில் இடம் போதாமற்போகவே, கட்டளை நிரல்களும் அங்கே குடியேறின. பின்னாளில் பயனர்கள் 'ஹோம்' என்னும் கோப்புறைக்குப் பெயர்ந்தனர். பெயர் மட்டும் தங்கிவிட்டது. இடப்பஞ்சத்தால் நேர்ந்த இப்பிரிவுக்குப் பிற்காலத்தார் வேறு பயன்களும் கண்டனர்.

2012-இல் ஃபெடோரா லினக்ஸ், வேரடியிலிருந்த 'பின்' என்னும் நிரற்கோப்புறையை 'யூஎஸ்ஆர்' உள்ளிருந்த 'பின்'னோடு சேர்த்துவிட்டது. பழைய பாதையைத் தேடிவரும் நிரல்கள் தடுமாறாதிருக்க, வேரடியில் அப்பெயர் ஓர் இணைப்பாக நிற்கிறது.