காற்றுப் பெயரும் நீரோட்டப் பெயரும்: புதுச்சேரிக் கடற்கரை மீனவரின் வழியறி மரபு

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்னும் நான்கு காற்றுப் பெயர்களையும் முறையே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய திசைகளுக்கு உரியனவாகக் கொள்வது தமிழ் உரைமரபு. நெய்தல் திணை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இப்பெயர்களைக் கருப்பொருட் பின்னணியாகவும் உரிப்பொருளுக்குத் துணையாகவும் மட்டுமே கண்டுள்ளன. கடலில் தொழில் செய்வோர்க்குக் காற்றின் பெயர் திசையை மட்டும் சுட்டுவதன்று. புறப்படும் நேரம், பாயின் நிலை, வலை இறக்கும் இடம், கரையேறும் துறை ஆகியவை அப்பெயருக்குள் அடங்கும். இலக்கியச் சொல்லுக்கும் தொழிற்சொல்லுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டைப் புதுச்சேரிக் கடற்கரையை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

புதுச்சேரியின் ஊரகப் பகுதி இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைகிறது. சோழர் காலக் கோயிலையுடைய திருபுவனை, கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கே, நெல்லும் கரும்பும் விளையும் உள்நாட்டு ஊர். வில்லியனூரைக் கடந்துவரும் சங்கராபரணி ஆறு அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என்னும் இரு கிளைகளாகப் பிரிந்து கடலை அடைகிறது. பாகூர்க் கொம்யூனிலோ பெரிய ஏரிப் பாசனமும், நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களும் அடுத்தடுத்து உள்ளன. மருதமும் நெய்தலும் இத்துணை நெருங்கிய இந்நிலத்தில் ‘வாடை’ என்னும் ஒரே சொல் இருவேறு பொருள் தருகிறது. உழவருக்கு அது மழை ஓய்ந்தபின் வீசும் குளிர்காற்று. மீனவருக்கு அது அலையை உயர்த்திக் கலத்தைத் தெற்கே தள்ளும் காற்று. உரையாசிரியர்கள் விளக்கிய வாடை பெரிதும் முன்னதையே ஒத்திருக்கிறது.

சோழமண்டலக் கரையின் அமைப்பை நோக்கினால் பின்னதன் பொருள் தெளிவாகும். புதுச்சேரிப் பகுதியில் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக நேர்கோட்டில் ஓடுகிறது. கலங்கள் ஒதுங்குவதற்கு இயற்கையான குடா இல்லை. கரையை ஒட்டி அலை உடையும் பகுதியைக் கடந்தே எக்கலமும் வெளியேற வேண்டும். கட்டுமரம் இத்தேவையிலிருந்து பிறந்த கலம். எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்தமையால் அலை அதனூடே வடிந்துவிடும்; கவிழ்ந்தாலும் மூழ்காது; கரையேறியதும் அவிழ்த்து உலர்த்தலாம். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய தைத்த படகான சலங்கும் இதே தேவைக்கு அமைந்த மற்றொரு விடையே. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரையக் கடல் பெரிப்ளூஸ்’ இக்கரையின் துறைகளுள் பொதுகே என்பதைக் குறிக்கிறது. ஒற்றை மரங்களைப் பிணைத்துக் கட்டிய பெருங்கலங்களையும் ‘சங்கர’ என்னும் பெயரால் சுட்டுகிறது. பொதுகேயை 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டுடன் இணைத்துக் காண்பது ஆய்வாளர் வழக்கு.

நேர்கோட்டுக் கரையில் வழியறிதல் ஒருவகையில் எளிது. மேற்கு நோக்கித் திரும்பினால் எங்கேனும் கரை வந்தே தீரும். எனவே புதுச்சேரி மீனவரின் இடர்ப்பாடு கரையைக் காண்பதன்று. எந்த ஊர்க் கரை என்பதே. வலை நீரில் கிடக்கும் சில மணி நேரத்தில் கலம் வடக்கேயோ தெற்கேயோ எவ்வளவு நகர்ந்தது என்பதை அறியாதவர், மாலையில் வேற்றூர்த் துறையில் ஏற நேரும். பாயையும் துடுப்பையும் மட்டுமே நம்பிய காலத்தில் அங்கிருந்து காற்றுக்கு எதிராகத் தம் ஊருக்கு மீள்வது பெரும்பாடு. இம்மரபின் சொற்செறிவு எங்கே மிகுந்துள்ளது என்பதை இந்த ஒரு செய்தியே விளக்கிவிடுகிறது.

நாள்தோறும் நிகழும் காற்றுமாற்றம் தொழிலின் கால அட்டவணையாக அமைகிறது. நிலம் குளிர்ந்த பின்னிரவில் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றைப் பாயில் ஏற்றுக் கலங்கள் புறப்படும். வெயிலேறியபின் கடற்காற்று எழும். அதனோடு கரை திரும்புவர். கோடை மாதங்களில் இப்பிற்பகற் காற்று தெற்குச் சாய்வுடன் வருவதால் அதனைத் தென்றல் என்பதில் பிழையில்லை. ஆனால் இத்தென்றல் சந்தனமும் பூமணமும் சுமந்து வருவதன்று. நாட்கூலியைக் கரை சேர்ப்பது.

பருவக் காற்றுகளின் பெயர்களில் இலக்கிய மரபிலிருந்து விலகல் மிகுதி. கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்பது இருவழக்கிலும் ஒன்றே. முகிலையும் அச்சொல் குறிப்பதற்குக் காரணம் கடலோரத்தில் தெளிவாகிறது: இக்கரைக்கு மழைமுகில் கிழக்குக் கடலிலிருந்தே வருகிறது. கோடை என்னும் காற்றுப் பெயரோ மீனவர் வழக்கில் கச்சான் என்பதற்கு இடம் விட்டுள்ளது. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் கச்சான், திருபுவனை போன்ற உள்நாட்டு ஊர்களின் வயல்வெளிகளைக் கடந்து சூடேறிக் கடலை அடைவது. கலத்தைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுவது. ‘கோடை’ பருவப் பெயராகச் சுருங்கியபின் திசைக்காற்றுக்குத் தனிச்சொல் தேவைப்பட்டிருத்தல் கூடும். (ஈழத்தமிழில் கச்சான் என்பது நிலக்கடலையையும் குறிக்கும்.) தென்திசைக் காற்றைக் குறிக்கும் சோழகம் என்னும் சொல் ஈழத்திலும் தென்கரைகளிலும் வழங்குகிறது.

இதுவரை ஆய்வாளர் கவனம் போதிய அளவு செல்லாத பகுதி நீரோட்டப் பெயர்களே. சோழமண்டலக் கரையின் வடபகுதிக் குப்பங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீர் ‘தெண்டி’ எனவும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது ‘வன்னி’ எனவும் வழங்குகின்றன. தென்கரையில் நீரோட்டத்திற்குப் பொதுப்பெயர் ‘நீவாடு’. காற்றுப் பெயர்கள் இருக்க நீருக்கெனத் தனிப்பெயர்கள் ஏன் தேவைப்பட்டன? காற்று வீசும் திசையிலேயே நீரும் ஓடும் என்பது கரையில் நிற்போரின் கருத்து. கடலியல் வேறு கூறுகிறது. இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறும்; ஏறத்தாழ பிப்ரவரி தொடங்கி வடக்கே ஓடுவது, அக்டோபர் முதல் தெற்கே திரும்புகிறது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வடகிழக்குக் காற்று முற்றும் ஓயுமுன்னரே நீர் வடக்கே திரும்பிவிடும். அந்நாட்களில் பாய் தெற்கே இழுக்க, நீரில் தொங்கும் வலை வடக்கே செல்லும். வாடையை மட்டும் அறிந்தவர் தம் கலம் தெற்கே நகர்ந்ததாகவே கணிப்பார். வாடையும் தெண்டியும் ஒருங்கே நிகழ்வதை அறிந்தவரே இடத்தைச் சரியாகக் கணிப்பார். இரு சொற்றொகுதிகளும் தனித்தனியே நிலைபெற்றமைக்கு இதுவே தகுந்த காரணமாகத் தோன்றுகிறது. இங்குச் சொற்பெருக்கம் வெறும் வட்டார வேறுபாடன்று, கணக்கீட்டுக் கருவி.

கிழக்கு மேற்குத் தொலைவை ஆழம் உணர்த்தும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, விரித்த இரு கைகளின் நீளமாகிய ‘பாகம்’ என்னும் அளவால் எண்ணுவர். சேறா, மணலா, பாரா என்னும் தரையின் தன்மையும் சேர்ந்தால் இடம் உறுதியாகும். பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு மீன் கூடும் இடமாதலால் அதன் இருப்பிடத்தை நினைவில் வைத்தல் இன்றியமையாதது. கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவதும், வேறு திசையில் அமைந்த மற்றோர் இணையால் அக்கோட்டை வெட்டுவதும் அதற்குரிய வழி. குமரி, திருவனந்தபுரம் கரைகளில் இதனைக் ‘கணிச்சம்’ என்பர். மலையுள்ள குமரிக் கரையில் இது எளிது. தாழ்ந்த சோழமண்டலக் கரையில் தென்னந்தோப்பு, கோயில் கோபுரம், புதுச்சேரியில் 1836இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம், நகரின் வடக்கே எழும் செம்மண் மேடு ஆகியவையே அடையாளங்கள்.

விண்மீன் அறிவு இங்கு இரண்டாம் இடமே பெறுகிறது. துருவ மீன் புதுச்சேரியில் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் மட்டுமே தோன்றும்; அதன் உயரத்தைக் கயிறு கட்டிய ‘இராப்பலகை’யால் அளந்து அகலாங்கு காண்பது நெடுங்கடல் ஓடிய மரக்கலத்தார்க்கு உரிய முறை. அன்றன்று கரை திரும்பும் கட்டுமரத்திற்கு அது வேண்டியதில்லை. எழும், அடையும் மீன்களால் இரவின் பொழுதை அறிந்தாலே போதும். சங்க நூல்கள் அறுமீன் என்னும் கார்த்திகைக் கூட்டம் இன்றும் கடற்கரையில் அவ்வாறே பயன்படுகிறது. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய மரபினனாகக் கரிகாலனைப் பாராட்டும் புறநானூற்று 66ஆம் பாடலை மேற்கோளாக்கி, மரக்கலத்தார் அறிவையும் கட்டுமரத்தார் அறிவையும் ஒன்றாக்கிப் பேசும் போக்கு திருத்தப்பட வேண்டியது.

கரை வளைந்த பாக் நீரிணைப் பகுதியில் ‘மேற்கே கரை’ என்னும் விதி செல்லாது. இராமேசுவரம், மண்டபம் வட்டாரத்தார் பாக் குடாவை வடகடல் எனவும் மன்னார்க் குடாவைத் தென்கடல் எனவும் பிரித்து, வாடைக் காலத்தில் தென்கடலிலும் தென்மேற்குப் பருவத்தில் வடகடலிலும் தொழில் செய்வதுண்டு. அங்கு வாடை என்பது ஒரு கடல் மூடி மறுகடல் திறக்கும் குறி. தொண்டிப் பகுதியில் பாய்மரப் போட்டிகள் இன்றும் நடைபெறுவதால் பாய்த்தொழிற் சொற்களைத் திரட்ட அக்கரை உகந்தது.

புதுச்சேரியிலோ 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. புறப்பொறியும் செயற்கைக்கோள் இடங்காட்டியும் வந்தபின் பாகக் கணக்கும் அடையாளக் கோடுகளும் இளையோர்க்குத் தேவையற்றவையாகி வருகின்றன. காற்றுப் பெயர்கள் எஞ்சும். பாய்க்குரியவை முதலில் மறையும். நீரோட்டப் பெயர்கள் இடைநிலையில் உள்ளன; வலை உள்ளவரை தெண்டியும் வன்னியும் பேசப்படும். கரையமைப்பிலும் அவற்றின் பொருள் வெளிப்பட்டுள்ளது. அரியாங்குப்பத்தாற்று முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகரும் மணல் அவற்றின் தென்புறத்தே தேங்கியது. வடக்கே நகரக் கடற்கரை மணலிழந்தது. அரிப்பு மேலும் வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கும் பரவியது. வடக்கே செல்லும் நீருக்கும் தெற்கே செல்லும் நீருக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மக்களின் சொற்களுக்குள் இம்மணற்கணக்கும் உண்டு.

ஆகவே இச்சொற்களைத் தொகுக்கும் அகராதிப் பதிவில் ‘ஒருவகைக் காற்று’, ‘ஒருவகை நீரோட்டம்’ என்னும் பொருள் விளக்கம் பயனற்றது. சொல் வழங்கும் ஊர், அவ்வூர்க் கரை நோக்கும் திசை, வழங்கும் மாதங்கள், உடன்நிகழும் காற்று அல்லது நீரோட்டம், அப்போது இறக்கும் வலை ஆகியவை பதிவில் இடம்பெற வேண்டும். நரம்பையின் வாடையும் மண்டபத்தின் வாடையும் ஒரே தலைச்சொல்லின்கீழ் இரு பொருளாகவே எண்ணிடப்பட வேண்டியவை.