மலைநாட்டு மனைகள் (7): நீருக்கு முதலிடம்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பிலிமத்தலாவைக்கு வந்து, தவுலகலைப் பக்கமாகத் திரும்பும் எவரும், மிளகுக்கொடி ஏறிய மரங்களும் கராம்பும் சாதிக்காயும் பலாவும் கமுகும் கித்துளும் ஒன்றன் நிழலில் ஒன்றாக அடர்ந்த தோட்டங்களையும், அவற்றின் காலடியில் படிப்படியாக இறங்கும் வயல்களையும் காண்பர். இத்தகைய சரிவில் காணி வாங்கி, இக்காலச் சௌகரியங்களோடு பண்ணை வீடு அமைக்க விரும்புவோர், வீட்டின் வரைபடத்துக்கு முன்பாக நீரின் வரைபடத்தை வரைந்துகொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சரிவின் மேற்புறத்தை வெட்டிக் கீழ்ப்புறத்தில் கொட்டி நிலத்தைச் சமப்படுத்துவதே இன்றைய வழக்கம். பெக்கோ இயந்திரம் விரைவில் முடித்துவிடும் இவ்வேலை சிக்கனமாகத் தோன்றினும், வெட்டிய பக்கத்தில் மலையின் கால் அகன்று மேல்மண் ஆதாரமற்று நிற்க, கொட்டிய பக்கத்தில் இறுகாத மண் பாரம் தாங்காமல் வருஷந்தோறும் சிறிது சிறிதாக அமிழ, இரண்டின்மேலும் காலூன்றிய வீடு அவை சந்திக்கும் கோட்டிலேயே வெடிப்புக் காண்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதத்து இடைப்பருவ மழை அவ்வெடிப்பினுள் இறங்குமாயின் விபரீதம் வீட்டோடு நிற்பதில்லை. கடுகண்ணாவைக்கு அப்பால், அரநாயக்கவில், 2016 மே 17 அன்று, பல நாள் மழைக்குப் பின் சாமசர மலை சரிந்து கிராமங்களைப் புதைத்ததை இப்பிரதேசத்தார் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பின் அனுமதியை வெறும் காகிதமாகக் கருதுவோரைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது.

தடுப்புச்சுவர் கட்டினால் போதாதா என்பர். கருங்கல் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண்ணைவிட அதனுள் தேங்கிய நீரே. ஆதலால் சுவரின் பின்னே சல்லி நிரப்பி, இடையிடையே துளைகள் விடுவது பாஸ்மாரின் முறை. மழை ஓய்ந்த மறுநாளும் அத்துளைகள் சொட்டிக்கொண்டிருப்பின் சுவர் நலமாயிருக்கிறது. துளைகள் உலர்ந்திருக்க, சுவர் மட்டும் வியர்த்து, பொருத்துகளில் பாசி படருமாயின், உள்ளே வழி அடைத்துவிட்டது என்று அறிந்து உடனே சுத்தஞ்செய்தல் வேண்டும்.

மலையை வெட்டாமல் கட்டும் வித்தைக்கு முன்மாதிரி தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. தவுலகலை வீதியிலேயே, 1344இல் கணேஸ்வராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பியைக் கொண்டு நிர்மாணித்த கடலாதெனிய விகாரை, வெறும் பாறையையே அஸ்திவாரமாகக் கொண்டு நிற்கிறது. நம் காலத்தில், கண்டியிற் பிறந்த மினெட் டி சில்வா அம்மையார், 1949 முதல் 1951 வரை அந்நகரின் மேட்டில் கருணாரத்ன இல்லத்தை எழுப்பியபோது, சரிவைச் சமப்படுத்தாமல் வீட்டையே மட்டம் மாற்றிப் படியிறக்கினார். கொங்கிரீட்டையும் கண்ணாடியையும் தயங்காமல் ஏற்ற அவர், கதவுகளில் தும்பறைப் பாய் நெசவையும், படிக்கட்டின் கைபிடியில் அரக்கு வேலையையும், தரையில் சுட்ட மண் ஓட்டையும் சேர்த்து, அருகிலிருந்த கைவினைஞரை நவீன வீட்டுக்குள் அழைத்து வந்தார். இந்நாட்டில் ஒரு பெண் கட்டடக்கலைஞர் கட்டிய முதல் வீடு அது; அப்பெருமைக்கேற்ற கவனத்தை நாம் அதற்கு அளிக்கவில்லை என்பது என் தீராத வருத்தம்.

பண்ணை வீட்டிற்கு மெய்யாகவே சமதளம் வேண்டிய இடங்கள் இரண்டுதான்: மிளகும் கராம்பும் காயவைக்கும் களம், வாகனம் திரும்பும் முற்றம். இவ்விரண்டையும் இயல்பாகவே தட்டையான இடத்தில் ஒதுக்கிவிட்டால், சமையற்கட்டும் தாழ்வாரமும் படுக்கையறையும் நாலைந்து படி வித்தியாசத்தில் தூண்களின்மேல் இறங்கிச் செல்லலாம். வீட்டடியில் மழைநீர் தன் பழைய வழியே ஓடும். ஜெப்ரி பாவாவும் உல்ரிக் பிளெஸ்னரும் 1960களில் பொலொந்தலாவையில் தென்னந்தோட்ட பங்களா அமைத்தபோது, பெரும் பாறைகளை அகற்றாமல், நிலத்திலேயே முளையடித்துக் கயிறு கட்டி, அவற்றையே சுவராகவும் துணையாகவும் கொண்டு அறைகளை வகுத்தனர். காணி வாங்கியவர் ஒரு மாரிகாலம் பொறுத்து, நீர் ஓடும் தடங்களில் அவ்வாறே முளையடித்துவிட்டுப் பின்னர் கட்டடக்கலைஞரை அழைப்பாராக.

கூரையைப் பற்றி இன்னும் பேசவில்லை. பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒரே மர ஆணியில் கோத்து நிறுத்திய தச்சனின் யுக்தியிலிருந்து அதனை அடுத்த வாரம் தொடங்குவோம்.