புனித டேவிட் கோட்டை

புனித டேவிட் கோட்டை, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே இருந்த கோட்டையாகும். நிலக்கரி நகரான நெய்வேலியும் இதே கடலூர் மாவட்டத்தில்தான் உள்ளது.

1677 இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபின் இக்கோட்டை மராத்தியர் வசமானது. 1690 இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இதை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். வேல்சு நாட்டுப் புனிதரான டேவிட்டின் பெயர் கோட்டைக்குச் சூட்டப்பட்டது.

குண்டு கிராமங்கள்

கோட்டையுடன் சேர்ந்த நிலத்தின் எல்லை அளவுகோலால் அளக்கப்படவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரை நிலம் கம்பெனிக்கு உரியது என்பதே உடன்பாடு. அதன்படி பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த சிற்றூர்களுடன் கடலூரும் கம்பெனியின் கைக்குச் சென்றது. அங்கு வாழ்ந்த உழவர், நெசவாளர், மீனவர் ஆகியோருக்கு ஆள்வோர் மாறினர். அவ்வூர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன.

எழுச்சியும் வீழ்ச்சியும்

1746 இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், தென்னிந்திய ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கு மாறியது. 1752 வரை அவ்வாறே நீடித்தது. 1756 இல் ராபர்ட் கிளைவ் இதன் துணை ஆளுநரானார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி அரண்களை இடித்தார். பின்னர் ஆங்கிலேயர் மீட்டபோதும் பழைய சிறப்பு திரும்பவில்லை.

இன்று கோட்டையில் எஞ்சியிருப்பவை சில இடிபாடுகளே. ஆனால் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை ஆகிய பெயர்கள் மக்கள் வழக்கில் நிலைத்துள்ளன.