நனைந்தாலும் அழியாத லேபிள்... வீட்டிலேயே தயார் செய்யலாம்!

``என்னம்மா, தேதியே தெரியலையே... கஸ்டமர் கேட்டா நான் என்ன சொல்றது?'' - ஊறுகாய் பாட்டிலைத் திருப்பி நீட்டிக் கடைக்காரர் இப்படிக் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். உள்ளே இருக்கும் ஊறுகாயில் எந்தக் குறையும் இருக்காது. பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்து வெளியே வந்து வியர்த்திருக்கும், லேபிளில் இருந்த மை நீலமாக வழிந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால், தேதி அழிந்த உணவுப் பொருளை எந்தக் கடைக்காரரும் அடுக்கில் வைக்கத் துணிய மாட்டார்.

கடலூர், சிதம்பரம் பக்கம் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு இந்தப் பிரச்னை கொஞ்சம் அதிகம். கடற்கரை ஊர் என்பதால் காற்றிலேயே ஈரமும் உப்பும் கலந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. விற்கும் பொருள்களும் அப்படித்தான்: கடலூர் முதுநகர் கருவாட்டில் உப்பு, பண்ருட்டி முந்திரி வறுவலில் எண்ணெய், ஊறுகாயில் இரண்டும். சிதம்பரம் கொத்சுக்கான பொடி காய்ந்த பொருள்தான் என்றாலும், அது போய்ச் சேரும் சமையலறையில் ஈரக்கை படாமல் இருக்குமா?

அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்தால் விலை குறையும் என்பது உண்மைதான். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி வளர்ந்த சிவகாசி அச்சுத் தொழிலின் பலமே அந்த மொத்தக் கணக்குதான். ஆனால், வாரத்துக்கு 40 பாட்டில் விற்பவருக்கு அது ஒத்துவராது. விலை மாறும், முகவரி மாறும், சேர்மானம் மாறும். மீதி லேபிள்கள் பரணில் கிடக்கும். அதனால்தான் வீட்டிலேயே பிரின்ட் எடுக்கும் யோசனை வருகிறது. அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

மை, தாள், பசை... மூன்றும் முக்கியம்!

`வாட்டர்ப்ரூஃப் ஸ்டிக்கர் ஷீட்' என்று கேட்டு வாங்கிவந்து பிரின்ட் எடுத்த பிறகும் லேபிள் கலைகிறதா? தாள் நனையாத தாளாக இருந்தாலும், மை கரையும் மையாக இருக்கும். இரண்டும் சரியாக இருந்தும் உரிந்து வருகிறது என்றால் பசை சரியில்லை. இந்த மூன்றில் ஒன்று சொதப்பினாலும் மற்ற இரண்டுக்குக் கொடுத்த காசு வீண்.

மை: வீடுகளில் அதிகம் இருப்பது இங்க்ஜெட் பிரின்டர். இதில் ஊற்றும் மையில் இரண்டு வகை உண்டு. `டை' மை என்பது நீரில் கரைந்த சாயம். தண்ணீர் பட்டால் மீண்டும் கரையும். `பிக்மென்ட்' மையில் நிறம் நுண்ணிய துகள்களாக இருப்பதால் காய்ந்த பிறகு எளிதில் கரையாது. பல பிரின்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலர்கள் டை. கறுப்பு எழுத்து நிற்கிறது, சிவப்பு லோகோ மட்டும் ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். மை பாட்டிலின் அட்டையைப் படித்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். டை மைக்கான பிரின்டரில் பிக்மென்ட் மையை ஊற்றிப் பார்க்க வேண்டாம், ஹெட் அடைத்துக்கொள்ளலாம்.

லேசர் பிரின்டரில் மை இல்லை, டோனர். அது பிளாஸ்டிக் கலந்த பொடி. சூட்டில் உருக்கி ஒட்டப்படுவதால் தண்ணீரில் கரையாது. லேபிளுக்கு இதுவே நம்பகமான வழி. கறுப்பு-வெள்ளை லேசர்கூடப் போதும். கலர் வேண்டுமானால் மஞ்சள், வெளிர் பச்சை என்று கலர் ஸ்டிக்கர் ஷீட்டில் கறுப்பில் அடித்தாலும் அழகாகவே இருக்கும்.

தாள்: கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் க்ரோமோ ஸ்டிக்கர், பளபளப்பாக இருந்தாலும் காகிதம்தான். நனைந்தால் ஊறும், கிழியும். கேட்க வேண்டியது, கிழியாத `நான்-டியரபிள்' ஸ்டிக்கர் ஷீட். இது பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் படலம். வாங்கும்போது மறக்காமல் கேளுங்கள்: ``இது இங்க்ஜெட்டுக்கா, லேசருக்கா?'' இங்க்ஜெட் ஷீட்டில் மையை உறிஞ்ச மேலே ஒரு பூச்சு இருக்கும். பூச்சு இல்லாத ஷீட்டில் அடித்தால் மை காயவே காயாது, கை பட்டதும் இழுவும். லேசரிலோ சூடுதான் பிரச்னை. டோனரை உருக்கும் பகுதி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். லேசருக்கு என்று குறிப்பிடாத வினைல் ஷீட்டை உள்ளே விட்டால் அது இளகி உருளையில் சுற்றிக்கொள்ளும். ரிப்பேர் செலவு லேபிள் செலவைத் தாண்டிவிடும்.

பசை: அறை வெப்பத்தில் நன்றாக ஒட்டும் பசை, ஃப்ரீசரில் விறைத்து விட்டுவிடலாம். உறைய வைத்து விற்கும் பொருளுக்கு ஃப்ரீசர் பசை உள்ள ஷீட் தனியாகவே கிடைக்கிறது. மற்றவற்றுக்கு `பெர்மனன்ட்' பசை போதும்.

பிரின்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அவசியமில்லை. லேபிளை வீட்டில் கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ வடிவமைத்து, ஏ4 அளவில் பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். லேசருக்கான நான்-டியரபிள் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு, லேசர் பிரின்ட் வசதி உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனால் முடிந்தது. சிதம்பரத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். ஆய்வேடும் புராஜெக்ட்டும் அச்சடிக்க மாணவர்கள் தேடி வரும் கடைகளுக்குப் பஞ்சம் இருக்காது. பெரிய இயந்திரத்தில் `ஹெவி பேப்பர்' செட்டிங் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். டோனர் நன்றாக உருகிப் பிடிக்கும்.

மாதம் சில நூறு லேபிள்களுக்கு மேல் போகும்போது, ரோல் லேபிள் பிரின்டரைப் பற்றி யோசிக்கலாம். இதிலும் இரண்டு வகை. கடை பில் அடிப்பது போன்ற நேரடி தெர்மல் பிரின்டரில் மையே கிடையாது, சூடு பட்டுத் தாள் கறுக்கும். அதே காரணத்தால் வெயிலிலும் எண்ணெயிலும் எழுத்து மங்கிப்போகும். கூரியர் முகவரி ஒட்ட இது போதும், ஊறுகாய் பாட்டிலுக்கு ஆகாது. ரிப்பன் போட்டு அடிக்கும் `தெர்மல் டிரான்ஸ்ஃபர்' வகைதான் நமக்கு வேண்டியது. ரிப்பனில் வாக்ஸ், வாக்ஸ்-ரெசின், ரெசின் என்று மூன்று தரம் உண்டு. எண்ணெய், ஈரம் இரண்டையும் தாங்குவது ரெசின்.

தமிழில் லேபிள் அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த பிரின்டர்கள் பல 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான். எழுத்து சிறிதானால் `ன'வும் `ண'வும் ஒரே குமிழாகத் தெரியும். 300 டிபிஐ என்றால் 12 புள்ளி. சுழி சுழியாகத் தெளிவாக விழும்.

ஒரு லேபிளுக்கு என்ன செலவு?

6.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் என்று லேபிளை அமைத்தால், ஏ4 ஷீட்டில் வரிசைக்கு 3 வீதம் 6 வரிசையில் 18 லேபிள் அடங்கும். ஷீட் விலையும் பிரின்ட் கூலியும் சேர்ந்து 36 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேபிள் 2 ரூபாய். அதில் 2 லேபிள் வெட்டும்போது வீணானால், மீதி 16-க்கு ஒன்று 2.25 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதேபோலக் கணக்கிட்டு, அந்தத் தொகையைப் பொருளின் விலையில் சேர்த்துவிடுங்கள். `லேபிள்தானே' என்று விட்டால், மாதக் கடைசியில் அது லாபத்தில் இருந்துதான் போகும்.

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

அழியாத லேபிள் எதற்கு? அதில் இருப்பது பெயரும் படமும் மட்டுமல்ல என்பதால்தான். பாக்கெட் செய்து விற்கும் உணவுப் பொருளில் கீழ்க்கண்டவை சட்டப்படி தெரிய வேண்டும்.

* பொருளின் பெயர், எடை
* சேர்மானங்கள் - அதிகம் சேர்த்தது முதலில், குறைவானது கடைசியில்
* தயாரித்தவர் பெயர், முழு முகவரி
* 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்
* பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம்
* அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற விவரம்
* புகார் சொல்லத் தொலைபேசி எண், மின்னஞ்சல்
* சைவம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவம் என்றால் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்

கருவாட்டுக்குப் பழுப்பு முக்கோணம்தான். முகப்புப் பரப்பு 100 சதுர செ.மீ. வரை உள்ள பாக்கெட்டில், சைவ வட்டத்தின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முந்திரி, கோதுமை போல ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும். ஊட்டச்சத்து விவரம் எந்தெந்தப் பொருளுக்குத் தேவை என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அடித்த லேபிள் போதாது.

சோப்பு, குளியல் பொடி செய்பவர்களுக்கு விதிகள் வேறு. அவை அழகுசாதனப் பொருள் கணக்கில் வருவதால், தயாரிக்கும் உரிமத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையை அணுக வேண்டும்.

தேதியை எப்படிப் போடுவது?

மாறாத விவரங்களை ஒரே தடவையில் 10, 20 ஷீட் அடித்துவிட்டு, பேட்ச், தேதி, விலைக்கு மட்டும் கட்டம் விட்டுவைக்கலாம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தேவையான ஷீட்டை மட்டும் மறுபடி லேசரில் விட்டு அந்தக் கட்டத்தை நிரப்பலாம். இரண்டாவது முறை விடும்போது ஷீட்டில் ஒரு லேபிளும் உரிந்திருக்கக் கூடாது. உரிந்த இடத்துப் பசை உருளையில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரப்பர் ஸ்டாம்ப் மை பிளாஸ்டிக் ஷீட்டில் காயாது. பிளாஸ்டிக்கில் காயும் மை தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய விலைமீது ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றுவதற்கு அனுமதி இல்லை. குறைப்பதாக இருந்தால் ஒட்டலாம், ஆனால் பழைய விலை மறையக் கூடாது.

ஒட்டும் முன் ஒரு நிமிடம்!

பாட்டிலைக் கழுவி, துடைத்து, முழுக்கக் காயவிட்ட பிறகே லேபிள் ஒட்ட வேண்டும். ஊறுகாய் நிரப்பும்போது வழிந்த எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத படலமாக இருந்தாலும் பசை பிடிக்காது. நிரப்புவதற்கு முன்பே ஒட்டிவிடுவது நல்லது. நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, ஒருநாள் முழுவதும் அறை வெப்பத்தில் வைத்த பிறகே ஃப்ரிட்ஜில் வையுங்கள். பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக வெட்டினால், ஓரம் சீக்கிரம் எழும்பாது.

கையில் டை மை பிரின்டரும் காகித ஸ்டிக்கரும்தான் இருக்கின்றனவா? லேபிளைவிட நான்கு பக்கமும் 3 மி.மீ. பெரிதாக, அகல டிரான்ஸ்பரன்ட் டேப்பை மேலே ஒட்டுங்கள். டேப்பின் ஓரம் பாட்டிலில் நேரடியாகப் பிடிக்க வேண்டும். லேபிள் அளவுக்கே டேப்பை வெட்டினால் ஓரத்தின் வழியே நீர் உள்ளே புகுந்துவிடும். அவசரத்துக்கு இது கைகொடுக்கும், நிரந்தர வழி அல்ல. லேபிள் நனையாமல் இருக்கட்டும் என்று அச்சடித்த சீட்டை உணவோடு சேர்த்துப் பாக்கெட்டுக்குள் போடவே கூடாது. மை உணவில் படக் கூடாது என்பது பாதுகாப்பு விதி.

மீதி ஷீட்களை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிச் சுருண்ட ஷீட், பிரின்டரில் சிக்கும்.

நான்கு பரீட்சை

கடைக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு பாட்டிலை இந்த நான்குக்கும் உட்படுத்துங்கள்.

1. ஒருநாள் முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து, எடுத்துத் துணியால் அழுத்தித் துடையுங்கள்.

2. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வெளியே எடுத்து வியர்க்க விடுங்கள். இப்படி மூன்று நாள் செய்யுங்கள்.

3. உங்கள் ஊறுகாய் எண்ணெயையே விரலில் தொட்டு, தேதியின்மீது 20 முறை தேயுங்கள்.

4. எழுத்தின்மீது செலோ டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். டோனர் டேப்போடு வந்தால், ஷீட்டோ பிரின்டர் செட்டிங்கோ பொருந்தவில்லை என்று அர்த்தம்.

நான்கிலும் தேதியும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் படிக்கும்படி இருந்தால், நம்பி ஷீட் கட்டு வாங்கலாம். அதுவரை 2, 3 ஷீட்டுக்கு மேல் வாங்க வேண்டாம்.

சுய உதவிக்குழுவில் இருப்பவர்கள், கடலூரில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பேக்கிங், லேபிள் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பிரின்டர் வாங்கினால், செலவும் ஐந்தாகப் பிரியும்.

வாங்குபவர் உங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்ததில்லை. சுத்தமாகச் செய்தீர்களா, எப்போது செய்தீர்கள், குறை என்றால் யாரைக் கேட்பது என்று அவருக்குச் சொல்வது அந்தச் சின்ன லேபிள் மட்டும்தான். அடுத்த பேட்ச்சுக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன், இன்று இரவே ஒரு பாட்டிலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்!