தூரதேசத்துச் சண்டையும் நம்மூர் பருத்தி விலையும்

மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பகுதியில் பருத்தி போடும் விவசாயிகள் மழையைக் கவனிக்கிறார்கள், காய்ப்புழுவைக் கவனிக்கிறார்கள். ஆனால், விலையைப் புரட்டிப்போடும் முடிவுகள் பல நேரம் வாஷிங்டனிலும் டெல்லியிலும் எடுக்கப்படுகின்றன. ஒரு போரோ ஒரு வரி உத்தரவோ வந்தால், நல்ல மகசூல் எடுத்தவருக்கும் கை நட்டமாகலாம். இது 160 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

பம்பாயில் பணமழை

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பருத்தி விளையும் தென் மாநிலங்களின் துறைமுகங்களை வட மாநிலங்களின் கடற்படை முற்றுகையிட்டது. அமெரிக்கப் பஞ்சை நம்பியிருந்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியா பக்கம் திரும்பின. இங்கே பஞ்சு விலை பல மடங்கு ஏறியது. தானியம் விளைந்த நிலத்திலும் பருத்தி விதைத்தார்கள்.

பம்பாய் வியாபாரிகளிடம் குவிந்த லாபம் பங்குகளுக்குள் பாய்ந்தது. கடலோரத்தை மண்போட்டு மேடாக்கவிருந்த பேக் பே நிறுவனத்தின் 5,000 ரூபாய் பங்கு 50,000 ரூபாய் வரை விலைபோனது. பங்குகளை ஈடாக வைத்து வங்கிகளே கடன் கொடுத்தன.

1865 ஏப்ரலில் தென் மாநிலப் படைத் தளபதி லீ சரணடைந்தார். போர் முடிந்த செய்தி வந்ததும் பஞ்சு விலை இறங்கியது; பங்குகளும் சரிந்தன. பெரும் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் நொடித்துப்போனார். பம்பாய் வங்கி 1868-ல் மூடப்பட்டது.

உழவர் தலையில் விழுந்த கடன்

விலை உச்சத்தில் இருந்தபோது தக்காணத்து விவசாயிகளுக்கு வட்டிக்காரர்கள் தாராளமாகக் கடன் கொடுத்தார்கள். விலை விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். நிலவரியும் உயர்ந்தது. 1875 மே மாதம் புனே அருகே சுபாவில் தொடங்கிய கலவரத்தில் விவசாயிகள் கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினார்கள். 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. ஆனால், அதற்குள் பல குடும்பங்களின் நிலம் கைமாறியிருந்தது.

அண்மை ஆண்டுகளின் நிலவரம்

2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. ஓராண்டில் அது 65,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. அது அப்போது திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதிக்குப் பேரிடியாக இருந்தது. பின்னலாடைக்கு ஆர்டர் குறைந்தால் நூலுக்கும், நூல் தேங்கினால் பருத்திக்கும் கிராக்கி குறையும். ஆலைகளின் சுமையைக் குறைக்க, ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை பஞ்சு இறக்குமதி வரியை மத்திய அரசு நீக்கியது. ஆலைகளுக்கு அது நிம்மதி. ஆனால், நாட்டின் பல பகுதிகளில் பருத்தி எடுப்பு தொடங்கும் நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சும் போட்டிக்கு வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

* உச்ச விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆதரவு விலையை வைத்துப் போடுங்கள். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு குவிண்டால் 7,710 ரூபாய். நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். ஏக்கருக்கு 8 குவிண்டால் நடுத்தர இழைப் பருத்தி எடுத்தால் வரவு 61,680 ரூபாய். சாகுபடிச் செலவும் கடன் தவணையும் அதற்குள் அடங்காவிட்டால் பரப்பைக் கூட்டாதீர்கள்.

* விலை ஏறிய ஆண்டின் லாபத்தில் முதலில் பழைய கடனை அடையுங்கள். அந்த விலையை நம்பிப் புதிதாகக் குத்தகை பிடிப்பதோ நகையை அடகு வைப்பதோ வேண்டாம்.

* இந்தியப் பருத்திக் கழகம் 8 சதவீத ஈரப்பதம் வரை முழு ஆதரவு விலை தரும். 12 சதவீதம் வரை பிடித்தம் உண்டு. அதற்கு மேல் வாங்காது. பனி உலர்ந்த பின் பருத்தி எடுத்து, நிழலில் காயவையுங்கள். கறை படிந்ததைத் தனியே பிரியுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் தயாராக இருக்கட்டும்.

* மொத்தத்தையும் ஒரே நாளில் விற்காமல் இரண்டு மூன்று தவணையாக விற்கலாம். நல்ல விலைக்காக எல்லாவற்றையும் இருப்பு வைப்பதும் சூதாட்டமே.

* ஊடுபயிராக உளுந்து அல்லது தட்டைப்பயறு போடுங்கள். பருத்தி விலை சரிந்தாலும் அந்த வரவு கைச்செலவைத் தாங்கும்.

இறக்குமதி வரி, ஆதரவு விலை அறிவிப்புகளையும் மழைச் செய்தியைப் போலவே கவனியுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் விதைப்புக்கு முந்தைய கூட்டங்களில் ரகம், உரத்தோடு இந்த வரவு-செலவுக் கணக்கையும் போட்டுக் காட்டுவது நல்லது.