தைலத்துக்குப் போகாத தலைவலி! நெற்றிக்குள் தேங்கும் சீழ்

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரகடம் செல்லும் கம்பெனி பஸ்ஸில் இப்படி ஒருவரைக் காணலாம். நெற்றியைப் பிடித்தபடி ஜன்னலோரம் சாய்ந்திருப்பார். கையில் தைல டப்பி. சளி பிடித்து மூன்று வாரம் ஆகியும் மூக்கடைப்பு தீரவில்லை. குனிந்தால் மண்டை கனக்கிறது. லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்ற பயம்!

புருவத்துக்கு மேலே, எலும்புக்குள், இரண்டு காற்றறைகள் உண்டு. அவையே நெற்றி சைனஸ். அங்கே ஊறும் சளி ஒரு குறுகிய வழியாக மூக்குக்கு இறங்கவேண்டும். அந்த வழி வீங்கி அடைத்தால் சளி தேங்கும். கிருமி சேர்ந்தால் சீழாகும்.

அறைக்குக் கீழே கண். பின்னால் மூளை! நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான். சீழ் அதைத் தாண்டினால் கண் வீங்கும். மூளைக்காய்ச்சல் வரும். மூளையிலேயே சீழ்க்கட்டி உண்டாகும். வளரும் வயதுப் பையன்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முன்பக்கத்து எலும்பு அரித்தால் நெற்றியில் மெத்தென்று வீக்கம் எழும்பும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் டாக்டர் பெர்சிவால் பாட் எழுதிவைத்த நோய் இது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

1884-ல் ஸ்காட்லாந்து டாக்டர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், நெற்றி எலும்பைத் துளைத்துச் செய்யும் சிகிச்சையை எழுதினார். சீழ் உண்டாக்கும் முக்கியக் கிருமி ஒன்றைக் கண்டு சொன்னவரும் அவரே! இப்போது பெரும்பாலும் முகத்தில் கத்தி படுவதில்லை. மூக்கு வழியாக எண்டாஸ்கோப் குழலை விட்டு, அடைத்த வழியைத் திறக்கிறார்கள். ஆனாலும் தழும்பு வளர்ந்து வழி மீண்டும் மூடிக்கொள்வது உண்டு. பொல்லாத இடம்!

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. டாக்டர் தரும் மருந்து, மூக்கு ஸ்ப்ரே, உப்பு நீரால் கழுவுதல் இவற்றிலேயே பலருக்குக் குணமாகும். உப்பு நீரைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்தான் கலக்கவேண்டும். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி, வலி நின்றதும் விட்டுவிடுவது கூடாது.

சம்பளம்? இ.எஸ்.ஐ. திட்டத்தில் போதிய நாள் சந்தா கட்டியவர், டாக்டர் சான்று கொடுத்தால், சம்பளத்தில் 100-க்கு 70 வீதம், வருஷத்தில் 91 நாள் வரை பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது உண்டு. பலருக்குத் தெரிவதில்லை. சென்னை கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

கண் இமை வீங்கினாலோ, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நெற்றி புடைத்தாலோ, காய்ச்சலோடு வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தாலோ, காலை வரை காத்திருக்கக் கூடாது. நடு ஷிப்டானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.