ரைபோசோம்: உயிரணுவின் புரதத் தொழிற்சாலை

நம் உடலிலுள்ள இரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள்களே வாழ்கிறது. மூளையிலுள்ள நரம்பணுக்களில் பெரும்பாலானவையோ நம் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏன் இவ்வளவு குறைவு? இதற்கான விடை, ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்போடு தொடர்புடையது.

உயிரணுவின் பெரும்பாலான வேலைகளைப் புரதங்களே செய்கின்றன. உணவைச் செரிக்க உதவும் நொதிகள், தசையைச் சுருங்கச் செய்யும் இழைகள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் ஆகியவை யாவும் புரதங்களே. புரதங்கள் நாளடைவில் பழுதடையும். எனவே, உயிரணு புதியவற்றை இடைவிடாமல் உருவாக்க வேண்டும். அப்பணியைச் செய்வது ரைபோசோம்.

புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பு, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் இருக்கிறது. தேவையான பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் அக்குறிப்பை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. அம்மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறதோ, அதை இடமாற்று ஆர்.என்.ஏ. கொண்டுவந்து சேர்க்கிறது. ரைபோசோம் அவற்றை, நூலில் மணிகளைக் கோப்பதுபோல், வரிசை மாறாமல் இணைக்கிறது. முடிவைக் குறிக்கும் மூன்றெழுத்து வந்ததும் அச்சங்கிலி விடுபட்டு, மடிந்து, புரதமாகிறது. இவ்வாறு 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டே பல்லாயிரம் வகைப் புரதங்கள் உருவாகின்றன.

இப்போது சிவப்பணுவைப் பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுவில் ரைபோசோம்கள் நிறைய இருக்கும். அவை உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தை உருவாக்கி, அவ்வுயிரணுவை நிரப்புகின்றன. முதிர்ச்சியடையும்போது சிவப்பணு தன் உட்கருவையும் பின்னர் ரைபோசோம்களையும் இழக்கிறது. அதன்பின் பழுதடைந்த புரதங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை அதனால் உருவாக்க முடியாது. எனவே, அது மெல்ல மெல்ல நலிந்து அழிகிறது. உடல் அதற்கு ஈடாகப் புதிய சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது.

ரைபோசோம் இல்லாமல் பாக்டீரியாவும் வாழ இயலாது. அதன் ரைபோசோம் அமைப்பில் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. இவ்வேறுபாட்டை மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு அதன் பணியைக் குலைக்கின்றன. புரதம் சரிவர உருவாகாததால் கிருமியின் வளர்ச்சி தடைபடுகிறது அல்லது கிருமி இறந்துபோகிறது.

ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக ஆராய்ந்து வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இவ்வாய்வுக்காக அவரும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரும் 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மருந்துகள் ரைபோசோமின் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்பதையும் இவர்களின் ஆய்வு காட்டியது. பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், புதிய மருந்துகளை வடிவமைக்க அவ்வறிவு துணைபுரிகிறது.